1.8 செ.மீ. நுரையீரல் கட்டி: மடல் முழுக்க எடுக்கணுமா?

கேள்வி (உப்புவெளி): வலது நுரையீரல் மேல்மடலின் ஓரத்தில 1.8 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, பெட் ஸ்கேன்ல பரவல் இல்லை. திருகோணமலையில இருந்து வெலிசறை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. ஒரு செக்மென்ட் (மடலின்ர ஒரு சின்னப் பிரிவு) மட்டும் எடுத்தா போதாதா?

பதில் 1: 2 செ.மீ.க்குள்ள, ஓரத்தில எண்டா போதும். 2022இல் வெளியான ஜப்பான் ஆய்வில 5 வருச உயிர்வாழ்வு செக்மென்டுக்கு 94.3%, மடலுக்கு 91.1%. ஆனா அதே பக்க நெஞ்சில நோய் திரும்ப வந்தது செக்மென்டுக்கு 10.5%, மடலுக்கு 5.4% தான். அதனால வெட்டு விளிம்பு 2 செ.மீ.யாவது வேணும். நிணநீர்க்கணுக்களையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. அதை விட்டா நோய் எந்த நிலை எண்டே சரியாத் தெரியாது.

பதில் 2: மூச்சுப் பரிசோதனை முக்கியம். மொத்தம் 19 செக்மென்ட், வலது மேல்மடலில 3. எஃப்இவி1 (முதல் ஒரு செக்கன்ல பலமா ஊதி வெளிய விடுற காற்று) 2 லீட்டர் எண்டா மடல் போனபிறகு 2×16/19, கிட்டத்தட்ட 1.7. சிகரெட் இருந்தா இண்டைக்கே நிறுத்தணும்.

பதில் 3: ஒப்பரேஷனுக்குப் பிறகு நெஞ்சில குழாய் வைச்சு ஒரு தண்ணிப் போத்தலோட இணைப்பாங்க. அந்தப் போத்தல்ல குமிழி 5 நாளுக்கு மேல வந்தா நீடித்த காற்றுக்கசிவு. குமிழி வரேக்க குழாயைக் கிளிப் போட்டா காற்று உள்ள அடைபட்டு நுரையீரல் சுருங்கும். போத்தல் எப்பவும் நெஞ்சுக்குக் கீழ இருக்கணும். குழாய் கழட்டி, எக்ஸ்ரே பார்க்காம திருகோணமலை பஸ் ஏறாதேங்கோ.