பல வருடம் சும்மா கிடந்த கார் ஜிபிஎஸ் கருவி: சிக்னல் தாமதம், பேட்டரி, பழைய மேப் – எதை முதலில் சரிசெய்வது?

வழித்துணை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைக்கும் தனி ஜிபிஎஸ் கருவி ஒன்று பல வருடம் பயன்படுத்தாமல் கிடந்தது. ஐந்து அங்குலத் தொடுதிரை, மினி யூஎஸ்பி, மைக்ரோ எஸ்டி கார்டு போடும் இடம். கைபேசி சிக்னல் எட்டாத சாலைகளுக்கு இதையே மறுபடி எடுத்துப் பயன்படுத்த எண்ணம்.

இப்போதைய நிலை இதுதான். சிக்னல் பிடிக்க அரை மணி நேரம் ஆகிறது. ஓடும் காரில் பிடிப்பதே இல்லை. மணி சரியாக இருக்கிறது, தேதி மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் நிற்கிறது. சார்ஜரிலிருந்து கழற்றினால் பத்து நிமிடத்தில் அணைகிறது. பழைய கார் கேபிள் செத்துவிட்டது. கைபேசியின் கார் சார்ஜரில் சாதாரண மினி யூஎஸ்பி கேபிளைச் செருகினால் மேப் மறைந்து கணினிப் படம் வந்து நிற்கிறது. மேப்பும் மிகப் பழசு.

எதிலிருந்து தொடங்குவது? இதைச் சரிசெய்வதில் பயன் உண்டா?

மின்னோட்டம்:

வணக்கம் வழித்துணை. பயன் உண்டு. நீங்கள் சொன்ன எதுவும் கருவி செத்ததற்கான அடையாளம் இல்லை. ஆனால் மின்சாரத்தை முதலில் சரிசெய்யுங்கள். மேப் ஏற்றும்போது பாதியில் அணைந்தால் உள்நினைவகத்தில் இருக்கும் கோப்புகள் கெடும். அப்புறம் கருவி துவங்கவே மறுக்கலாம்.

கணினிப் படம் வருவது கோளாறு இல்லை. மினி யூஎஸ்பி பிளக்கில் ஐந்து பின்கள் உண்டு. சாதாரண டேட்டா கேபிளில் நான்காவது பின் எதனோடும் இணையாமல் இருக்கும். பல ஜிபிஎஸ் கருவிகளின் சொந்தக் கார் கேபிளில் அந்த நான்காவது பின்னுக்கும் ஐந்தாவதான கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். அதைக் கண்டால்தான் 'இது சார்ஜர், மேப்பைக் காட்டலாம்' என்று கருவி முடிவெடுக்கிறது. இல்லாவிட்டால் கணினியில் மாட்டியதாக நினைத்துத் தன் நினைவகத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். ஆகவே உங்கள் மாடலுக்கென்றே உள்ள கார் கேபிளை வாங்குங்கள். சில மாடல்களில் பவர் துளை கருவியில் இல்லாமல் ஹோல்டரில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் பழைய கேபிளை ஒருமுறை சோதியுங்கள். லைட்டர் சாக்கெட்டில் நுழையும் பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றினால் உள்ளே சின்னக் கண்ணாடி ஃபியூஸும் ஸ்பிரிங்கும் இருக்கும். துணிமேல் வைத்துக் கழற்றுங்கள், ஸ்பிரிங் தெறித்தால் கிடைக்காது. ஃபியூஸ் போயிருந்தால் அதன் உலோக மூடியில் எழுதியுள்ள அதே ஆம்பியரில் மாற்றுங்கள். அலுமினியத் தாள் சுற்றுவது ஒருபோதும் வேண்டாம். ஷார்ட் ஆனால் கேபிள் உருகும்.

பேட்டரி: பல வருடம் முழுக்கக் காலியாகக் கிடந்த லித்தியம் அயான் செல், தன் கொள்ளளவில் பெரும்பங்கை இழந்திருக்கும். சுவரில் மாட்டும் 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு போட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் ஆழமாக வடிந்த செல்லுக்கு மிகக் குறைந்த மின்னோட்டம்தான் முதலில் போகும். கணினியின் யூஎஸ்பி 2 துளை 500 மில்லிஆம்பியர் மட்டுமே தருவதால், திரை முழு வெளிச்சத்தில் எரியும்போது அதில் சார்ஜ் ஏறுவது சந்தேகம்.

அப்படியும் பத்து நிமிடம்தான் என்றால் செல்லை மாற்ற வேண்டும். பெரும்பாலும் செல்லின் மேல் ஆறு இலக்க எண் இருக்கும். 403450 என்றால் 4.0 மில்லிமீட்டர் தடிமன், 34 அகலம், 50 நீளம். கம்பிகள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று என்றால் மூன்றாவது வெப்ப உணரி. அந்த இடத்தில் இரண்டு கம்பிச் செல்லை வைத்தால் கருவி சார்ஜ் செய்ய மறுக்கும். கனெக்டர் அச்சு அசலாகப் பொருந்தினாலும் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கக்கூடும். செருகும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது கட்டாயம். பழைய செல் உப்பியிருந்தால், அதாவது திரையின் ஓரம் தூக்கியிருந்தால், சார்ஜ் போடவே வேண்டாம். நெம்பாமல், குத்தாமல் எடுத்து மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.

காரில் மாட்டியே ஓட்டுவீர்கள் என்றால் செல்லின் வேலை, எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் சாக்கெட்டில் மின்சாரம் விழும்போது கருவியைத் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான். அதற்கு அரைகுறைச் செல்லே போதும். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

விண்தடம்:

சிக்னல் பற்றி நான் சொல்கிறேன், இதில் பலர் கருவியைத் தேவையில்லாமல் குறை சொல்கிறார்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் தகவல் அனுப்புகிறது. ஒவ்வொரு கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை, அதாவது எபிமெரிஸை, 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது; அதில் 18 நொடி இந்த விவரத்துக்கே போகிறது. இடம், உயரம், நேரம் மூன்றும் தெரிய நான்கு கோள்களிடமிருந்து இது முழுசாக வந்தாக வேண்டும். கட்டடமோ மரமோ பாலமோ நடுவில் ஒரு நொடி மறைத்தால், விட்ட பகுதிக்கு அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓடும் காரில் உங்களுக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

எல்லாக் கோள்களின் தோராயமான அட்டவணைக்கு அல்மனாக் என்று பெயர். அது முழுசாக இறங்க 12½ நிமிடம். உங்கள் கருவியிடம் இருப்பது பல வருடப் பழசு, ஆகவே எந்தக் கோள் வானில் எங்கே என்று அதற்குத் தெரியாது. செய்ய வேண்டியது: காரை விட்டு வெளியே, நாலாபக்கமும் வானம் திறந்திருக்கும் இடத்தில், சார்ஜ் நிறைந்த கருவியையோ பவர் பேங்கில் மாட்டிய கருவியையோ அசையாமல் வைத்து 20 நிமிடம் விடுங்கள். இடம் பிடித்ததும் உடனே அணைக்காதீர்கள், அல்மனாக் முடியட்டும். அதற்குப் பிறகு மறுநாள் காலை போட்டால் ஒரு நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும். எபிமெரிஸ் சுமார் நான்கு மணி நேரம் செல்லும் என்பதால் வழியில் சாப்பிட நிறுத்திவிட்டு வந்தால் சில நொடிகளே.

தேதிக் குழப்பம் வேறு விஷயம். ஜிபிஎஸ் வார எண்ணைப் பத்து பிட்டில் அனுப்புகிறது. 1,024 வாரம் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். இதற்குத் தயாராகாத மென்பொருள் தேதியை 19 வருடம் ஏழரை மாதம் பின்னால் காட்டும். பெரும்பாலான கருவிகளில் இடம் சரியாகவே வரும். சூரிய உதயம், மறைவு, திரையின் இரவு நிறம் மாறும் நேரம் ஆகியவை தடுமாறலாம். நிறுவனத்தின் மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் அது ஒன்றே மருந்து. கையால் தேதி மாற்றினால் அடுத்த சிக்னலில் பழையபடி ஆகிவிடும்.

இன்னொன்று: வெளியே நன்றாகப் பிடித்து, காருக்குள் வந்ததும் சிக்னல் பட்டைகள் சரிந்தால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, சூடேறும் கண்ணாடி, உலோகம் கலந்த டின்ட் ஃபிலிம் மூன்றும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை விழுங்கும். அப்படிப்பட்ட கார்களில் உள்கண்ணாடிக்குப் பின்னால் பூச்சு இல்லாத ஒரு சிறு பகுதியைப் பெரும்பாலும் விட்டிருப்பார்கள்; சுற்றிலும் கருப்புப் புள்ளிகள் தெரியும். கருவியை அதன் அருகே மாற்றிப் பாருங்கள். டேஷ்கேம் இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டும் ஒருமுறை சோதியுங்கள். கவசமில்லாத மலிவு கேமராவும் மலிவு சார்ஜரும் ஜிபிஎஸ் அலைவரிசையில் இரைச்சல் போடுகின்றன.

வழித்துணை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபியூஸ்தான் போயிருந்தது, கேபிள் பிழைத்துவிட்டது. திறந்த வெளியில் வைத்ததும் சிக்னலும் வந்துவிட்டது. இனி மேப். கார்டில் போட்டால் போதுமா? நண்பர்கள் கைபேசியிலிருந்து அனுப்பும் இருப்பிட எண்களைக் கருவியில் கொடுத்தால் பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறதே, அது ஏன்?

நிலவரை:

மேப்பில் கை வைக்கும் முன் பேக்கப். கருவியைக் கணினியில் மாட்டி, மறைந்த கோப்புகளும் தெரியும்படி அமைத்துக்கொண்டு, உள்நினைவகம் முழுவதையும் ஒரு ஃபோல்டரில் நகலெடுங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள். தொழிற்சாலையில் ஏற்றிய மேப் அந்தக் கருவியின் எண்ணோடு பூட்டப்பட்டது. அழிந்தால் வேறொருவரின் நகல் உங்களுக்கு ஓடாது.

எந்த நிறுவனம் என்று நீங்கள் சொல்லவில்லை. கார்மின் என்றால் இரண்டு வழி. ஒன்று, கார்மின் எக்ஸ்பிரஸ் மென்பொருளில் கருவியைச் சேர்த்து அதிகாரப்பூர்வ மேப் கிடைக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடத்தின் தரவிலிருந்து கார்மினுக்காகத் தயாரிக்கும் இலவச மேப். அதை இறக்கினால் 'ஜிமேப்சப்' என்ற பெயரில் ஐஎம்ஜி என முடியும் கோப்பு கிடைக்கும். கார்டில் 'கார்மின்' என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் போடுங்கள். பிறகு கருவியின் மேப் அமைப்புக்குப் போய்ப் பழைய மேப்பின் டிக்கை எடுத்துவிட்டுப் புதியதில் மட்டும் டிக் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இயங்கினால் சாலை இரட்டையாகத் தெரியும், வழியும் கோணலாகும். இலவச மேப்பில் வழிகாட்டல் நன்றாகவே வரும். வீட்டு எண் வைத்து முகவரி தேடுவதுதான் பலவீனம். இடப்பெயர், சேமித்த இடம், ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) என்று தேடினால் சிக்கல் இல்லை.

டாம்டாம் என்றால் இந்த வழி செல்லாது, அதன் சொந்த மென்பொருள் வழியாகத்தான். 'வாழ்நாள் மேப்' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது கருவியின் ஆயுளைக் குறிக்கும், அந்த ஆயுளை நிறுவனம்தான் வரையறுக்கும். மிகப் பழைய சில மாடல்களுக்குப் புதுப்பிப்பு நிறுத்தப்படுவதாக 2018இல் அறிவித்தார்கள். முதலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

கார்டு: 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். மிகப் பழைய மாடல்கள் 2 ஜிபி கார்டுக்கு மேல் படிக்காது. ஃபேட்32இல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய நாட்டின் மேப்பைப் பகுதி பகுதியாக இறக்குவது அதனால்தான். நகலெடுத்ததும் 'பாதுகாப்பாக அகற்று' கொடுக்காமல் கேபிளை உருவினால் மேப் கோப்பு முழுசாக எழுதப்படாமல் நின்றுவிடும். கருவி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, மேப்பைப் பட்டியலிலேயே காட்டாது.

இப்போது எண்கள். கைபேசி 10.50000 என்று தசமப் பாகையில் அனுப்புகிறது. கருவி பாகை-கலை முறையில் (ஒரு பாகைக்கு 60 கலை) இருந்தால் நீங்கள் அதை 10 பாகை 50 கலை என்று கொடுத்திருப்பீர்கள். உண்மையில் அது 10 பாகை 30 கலை. வடக்கு தெற்காக ஒரு கலை 1.85 கிலோமீட்டர், 20 கலை தப்பினால் 37 கிலோமீட்டர் தள்ளிப்போகும். அமைப்பில் ஆயத்தொலைவு வடிவத்தைத் தசமப் பாகைக்கு மாற்றுங்கள், டேட்டம், அதாவது ஆயத்தொலைவுக்கு அடிப்படையான புவி மாதிரி, டபிள்யூஜிஎஸ் 84 என்றே இருக்கட்டும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நுணுக்கம். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டருக்குமேல் பிசகலாம்.

நிறைய இடங்கள் என்றால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டாம். கார்மினில் பிஓஐ லோடர் என்ற கணினி மென்பொருள் மூலம் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) பட்டியலாக ஏற்றலாம். அதில் முதல் பத்தி தீர்க்கரேகை, இரண்டாவது அட்சரேகை, மூன்றாவது பெயர். கைபேசி தரும் வரிசைக்கு இது நேர்மாறு.

மின்னோட்டம்:

நிலவரை சொன்னதோடு ஒரு சேர்க்கை: மேப் ஏற்றும் முன் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாக மாட்டுங்கள், ஹப் வழியாக வேண்டாம்.

ஹோல்டரின் ரப்பர் கிண்ணம் விழுந்துகொண்டிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்து ஒட்டுங்கள். ஓட்டுநரின் பார்வையை மறைக்காத கீழ் மூலைதான் சரியான இடம். ஏர்பேக் விரியும் பாதையில் வேண்டாம். வெயிலில் நிறுத்தும்போது கருவியைக் கழற்றி எடுத்துப் போய்விடுங்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது, பல கருவிகள் தாமே மறுத்துவிடும். கண்ணாடியில் பதியும் வட்டத் தடத்தையும் துடைத்துவிடுங்கள், காருக்குள் ஜிபிஎஸ் இருப்பதைத் திருடனுக்குச் சொல்வது அந்தத் தடம்தான். 'வீடு' என்று சேமிக்கும் இடம் உங்கள் வாசலாக இல்லாமல் பக்கத்துச் சந்திப்பாக இருக்கட்டும்.

விண்தடம்:

கைபேசி எட்டாத சாலைக்குத்தான் என்பதால் வழி அமைப்பையும் பாருங்கள். 'குறுகிய தூரம்' என்று இருந்தால் பத்து மீட்டர் மிச்சம் என்பதற்காக வண்டித்தடத்துக்குள் திருப்பிவிடும். 'விரைவான வழி' வைத்து, மண்சாலையைத் தவிர்க்கும் தேர்வை இயக்குங்கள். அந்தப் பகுதிக்கு மண்சாலை மட்டுமே என்றால் அந்தத் தேர்வை அணைத்துவிட்டு, போக வேண்டிய சாலையில் இடைநிலைப் புள்ளிகளை நீங்களே வையுங்கள். சுரங்கப் பாதையில் சக்கரத் தகவல் இந்தக் கருவிக்குக் கிடைக்காது, பழைய வேகத்தை வைத்து ஊகிக்கும். உள்ளே பிரிவு இருந்தால் பெயர்ப்பலகையைப் பார்த்தே திரும்புங்கள்.