பழைய முன்சீப் கோர்ட் திப்பு காலத்துக் கட்டிடமா?

நொய்யல்கரை:
எங்கள் அப்பாரு ஒரு வண்டித்தடத் தகராறுக்காகப் பதினோரு வருஷம் படியேறிய முன்சீப் கோர்ட் புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. பழையது பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் வாட்ச்மேனிடம் கேட்டு உள்ளே போனேன். ஓட்டுக் கூரை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். உத்திரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள். சுவரில் மேலே ஒரு சின்னத் துளை, விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. திப்பு கட்டியது, வளையத்தில் கைதிகளைத் தொங்கவிடுவார்கள் என்கிறார் எதிர் டீக்கடைக்காரர். நிஜமாங்க?

கொத்தனார் மகன்:
தொங்கவிடவும் இல்லை, திப்புவும் இல்லைங்க. முன்சீப் கோர்ட்டில் வரப்பு, கடன், பாகப்பிரிவினைதான் வரும்; அங்கே யாரைத் தொங்கவிடுவது? வளையம் பங்காவுக்கு, அதாவது கரண்ட் இல்லாத காலத்து விசிறிக்கு. துணி தைத்த நீளச் சட்டம் அதில் தொங்கும். அதன் கயிறு அந்தத் துளை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருப்பார். நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் கரண்ட் எடுக்க ஆரம்பித்ததே 1932இல்தான். துளை வழவழப்பானது கயிறு உரசித்தான்.

அடுத்த தடவை கீழே நின்று ஓட்டின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சபையின் முத்திரையோடு 1865 என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், ஓடு சுட்ட வருஷம் இல்லை. ஓடு மாறும், சுவர் மாறாது. எங்கள் அய்யன் பழைய சுவரைக் கண்டால் சாந்தை நகத்தால் கீறி நாக்கில் வைப்பார். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்த சுண்ணாம்பு துவர்க்கும் என்பார். எனக்கு ஒருநாளும் துவர்த்ததில்லை.

பழைய குமாஸ்தா:
திப்பு செத்தது 1799இல். அதற்கப்புறம்தான் இந்தச் சீமை கும்பெனி கைக்குப் போனது. முதலில் நொய்யலுக்கு வடக்கே பவானி, தெற்கே தாராபுரம் என்று இரண்டு தலைமையிடம். 1804இல் இரண்டையும் சேர்த்துக் கோயம்புத்தூர் ஜில்லா ஆக்கினார்கள். முன்சீப் பதவி 1816 சட்டங்களில் வந்தது, கும்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் வேலை. அதே மன்றோ அதற்கு முன் தருமபுரியில் வரி போட்டுக்கொண்டிருந்தவர். அந்தச் சட்டங்கள்தான் ஊர் மணியக்காரரையும் கிராம முன்சீப் ஆக்கின. 1980இல் அந்தப் பதவியை எடுத்த பிறகும் எங்கள் ஊரில் அந்த வீட்டுக்கு முன்சீப் வீடு என்றுதான் பேர்.

நொய்யல்கரை:
டார்ச் அடித்துப் பார்த்தேன். பாசல் மிஷன் இல்லை, காமன்வெல்த் என்று இருக்கிறது.

கொத்தனார் மகன்:
அப்படியென்றால் கூரை முதல் உலகப் போருக்குப் பிந்தியது. ஜெர்மன்காரர்கள் தொடர்பு என்று மிஷன் தொழிற்சாலைகளை வெள்ளைக்காரன் எடுத்துக் காமன்வெல்த் பேரில் நடத்தினான். சுவர் சாந்தைப் பார்த்தீர்களா?

நொய்யல்கரை:
நாக்கில் வைக்கவில்லைங்க, வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய குமாஸ்தா:
அது கிடக்கட்டும். வண்டித்தடம் யாருக்குத் தீர்ப்பானது?

நொய்யல்கரை:
எங்களுக்குத்தான். அதற்குள் காளைகளை விற்றாயிற்று.