கரம் (கேரம்): வலயமட்டத்துக்கு மேல போக எதைத் திருத்த வேணும்?

சுன்னாகத்தான்:
தம்பிக்கு 15 வயது. வலயமட்டத்தில வெண்டவன், மாகாணத்தில முதல் சுற்றோட வெளியில வந்திட்டான். சனசமூக நிலையத்தில அவனை வெல்ல ஆளில்லை. ஆனா போட்டிக்கு வைச்ச போட்டில (கரம் பலகையில) அடியெல்லாம் தேவைக்கு மேல ஓடுது, பவுலும் (விதிமீறல்) ரெண்டு வந்தது. எதில இருந்து தொடங்கலாம்? இதில எதிர்காலம் இருக்கோ எண்டு அம்மாவும் கேக்கிறா.

கொக்குவில் கரம்:
முதல்ல போட்டைப் பாருங்கோ. 15 கிராம் ஸ்ரைக்கரை (விரலால சுண்டுற பெரிய வட்டை) முழுப் பலத்தோட சுண்டினா, நல்ல போட்டில அது மூண்டரைத் தரம் குறுக்க ஓட வேணும். உங்கட போட்டில ரெண்டோட நிண்டால், அதில பழகின கைக்கு எங்க போனாலும் பலம் கூடித்தான் வரும். உள்ளளவு 74 சென்ரிமீற்றர், பலகை 8 மில்லிமீற்றருக்குக் குறையாமல், குழி 4.45 சென்ரிமீற்றர். குழி அகலமான போட்டில பிழையான அடியும் விழும், பிழை தெரியாமலே போயிடும்.

போட்டைச் சுவரில சாத்தி வைக்காதேங்கோ, வளையும். மாரியில ஈரம் இழுத்து நடுவும் உப்பும். நடுவில ஒரு மாபிளை வையுங்கோ. உருண்டா, ஸ்ராண்டின்ர காலுக்குக் கீழ மட்டை வைச்சுச் சமப்படுத்துங்கோ. எந்த மட்டைக்கும் சரிவராமல் உருண்டுகொண்டே இருந்தால் பலகை போச்சு, தேய்ச்சுத் திருத்த வெளிக்கிடாதேங்கோ.

போறிக் பவுடர் ஒரு சிட்டிகை போதும், போட்டுத் துணியால பரவித் துடைக்க வேணும். முகப்பவுடர் வேண்டவே வேண்டாம். கை வியர்வையில பசையாகிக் காயின்ர அடியில ஒட்டும். அந்தக் காய் நேரா வெளிக்கிட்டுக் கடைசிச் சாணில வளையும். ஆளுக்குக் குறி தப்பினது போலத் தெரியும். காயொண்டு 5 தொடக்கம் 5.5 கிராம் இருக்க வேணும். நகைக்கடைத் தராசில 19 காயையும் நிறுத்தால், உதவாத காய் அண்டைக்கே பிடிபடும்.

வதிரி வெள்ளைக்காய்:
பவுல் வாறது ஊர்ப் பழக்கத்தால. ஸ்ரைக்கரை வைக்கேக்க அது தன்ர பக்கத்து ரெண்டு கோட்டிலயும் படவேணும். கோட்டு முடிவில இருக்கிற சிவப்பு வட்டத்தில வைச்சால் வட்டத்தை முழுக்க மூடவேணும், பாதி தொட்டால் பவுல். முழங்கை மூலை அம்புக்கோட்டின்ர நேரைத் தாண்டக்கூடாது, கதிரையை அரக்கக்கூடாது, 15 செக்கனுக்குள்ள அடிக்க வேணும். ஊரில எழும்பி நிண்டு குனிஞ்சு அடிச்சுப் பழகினவையள் இதில்தான் மாட்டுப்படுகினம். இண்டையில இருந்து வீட்டிலயும் ஒருத்தர் நடுவரா இருந்து பார்க்கட்டும்.

அதைவிட முக்கியம் புள்ளிக் கணக்கு. ஒரு கேம் 25 புள்ளி அல்லது 8 போட் (காயை அடுக்கி ஆடி முடிக்கிற ஒரு சுற்றையும் போட் எண்டுதான் சொல்லுறது), எது முந்துதோ அது. போட் வெண்டவருக்கு எதிராளியின்ர மிச்சக் காய் ஒவ்வொண்டுக்கும் 1, றெட்டையும் (சிவப்புக் காய்) அவரே குழியில போட்டு, அடுத்துத் தன்ர காயொண்டையும் போட்டு மூடியிருந்தால் இன்னும் 3. அவரின்ர புள்ளி 21 வரைக்கும்தான் அந்த 3. 22 வந்தாப் பிறகு றெட்டுக்காக வில்லங்கமான அடிக்குப் போறதில அர்த்தமில்லை. தோக்கப்போற போட்டில எதிர்மாறு: றெட்டை நீங்கள் எடுத்து மூடிட்டால் வெல்லுறவருக்கு அந்த 3 இல்லை. உங்கட காய் ஆறு மிச்சமெண்டால், தோல்வி 9இல இருந்து 6 ஆகும். மாகாணத்தில முதல் சுற்றோட போற பிள்ளையளில கனபேர் இந்த மூண்டு புள்ளியிலதான் போகினம்.

சுன்னாகத்தான்:
நன்றி அண்ணை. அவன் பெருவிரலாலயும் சுண்டுறவன். அதை விடச் சொல்லட்டோ?

கொக்குவில் கரம்:
விட வேண்டாம், சர்வதேச விதியில அதுக்கு இடமிருக்கு. தனக்குக் கிட்டக் கிடக்கிற காயை அதால எடுக்கிறது சுகம். பயிற்சிக்கு ஒன்பது வெள்ளையையும் றெட்டையும் கலைச்சுப் போட்டுத் தனியா முடிக்கச் சொல்லுங்கோ. தவறின அடியை ஒரு கொப்பியில குறிக்கட்டும்: வெட்டோ (காயின்ர ஓரத்தில அடிக்கிறது), விளிம்பில தட்டி எடுத்ததோ, நேரடியோ. கிழமை முடிவில எது கூடத் தவறுதோ, அடுத்த கிழமை அதை மட்டும். பலமா அடிக்கிறது கடைசி வேலை. அடிச்ச பிறகு ஸ்ரைக்கரும் மற்றக் காயும் எங்க நிக்குமெண்டு முன்னமே சொல்லிப்போட்டு அடிக்கட்டும். தேசிய மட்டத்தில எதிர்க்க இருக்கிறவை ஆடுற ஆட்டம் அதுதான்.

மானிப்பாய் மூத்தவர்:
அம்மாவுக்குச் சொல்லுங்கோ, கரத்தில பரிசுக்காசை நம்பிச் சீவிக்கேலாது. ஆனா ஏணி இருக்கு. சென்னையின்ர மரிய இருதயம் ரெண்டு தரம் உலக சம்பியன், 1996இல இந்திய அரசின்ர அர்ஜுனா விளையாட்டு விருதும் எடுத்தவர். 2012இல கொழும்பில நடந்த உலகப் போட்டியில எங்கட நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ சம்பியன். 2024இல அமெரிக்காவில நடந்த உலகக் கிண்ணத்தில மூண்டு தங்கம் எடுத்த காசிமா, சென்னையில ஓட்டோ ஓடுறவரின்ர மகள்.

பாடசாலை வழி ஒண்டு; பிரதேச செயலகத்தில இருந்து மாவட்டம், மாகாணம் எண்டு தேசிய விளையாட்டு விழாவுக்குப் போற வழி மற்றது. விளையாட்டு உத்தியோகத்தரிட்டப் போய் இந்த வருசத் திகதியைக் கேளுங்கோ. தேசிய மட்டச் சான்றிதழின்ர மூலப்பிரதியை லமினேற் பண்ணாமல் கோவையில வையுங்கோ. படிப்புக்கு வெளியில திறமை காட்டின பிள்ளையளுக்குப் பல்கலைக்கழகத்தில விசேட அனுமதி இருக்கு. எந்த மட்டச் சான்றிதழை எடுப்பினமெண்டு பல்கலைக்கழக மானிய ஆணைக்குழுவின்ர கைந்நூலில பாருங்கோ, ஏ.எல். (உயர்தரம்) பாடம் தெரியுறதுக்கு முன்னமே பார்க்கிறது நல்லது.