பழைய லேப்டாப்பில் மிண்ட் போட்டேன், டிரைவர் ஏற்றியும் வைஃபை வரவில்லை (தீர்ந்தது)

மல்லிப்பந்தல்:
வணக்கம். அக்கா வீட்டில் சும்மா கிடந்த 2015 மாடல் லேப்டாப்பை மகள் படிப்புக்காகக் கேட்டு வாங்கி வந்தேன். அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு அப்டேட் நின்றுவிட்டது, 11 இதில் ஏறாது, அதனால் முழுவதையும் அழித்துவிட்டு லினக்ஸ் மிண்ட் 22.1 போட்டேன். சத்தம், கேமரா, பிரிண்டர் எல்லாம் தானாகவே வந்துவிட்டன. வைஃபை மட்டும் இல்லை. வீட்டு ரவுட்டர் பெயர், பக்கத்து வீட்டுப் பெயர் எதுவுமே தெரியவில்லை, வைஃபை ஆன் பண்ணும் பொத்தானே அங்கே இல்லை.

போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டு நெட் எடுத்தேன் (முதல் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வகை, அது தெரியவே அரை மணி நேரம் போனது). டிரைவர் மேனேஜரில் பிராட்காம் என்று ஒன்று காட்டியது, அதைப் போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன். அப்படியேதான் இருக்கிறது. இரண்டு நாளாக இதே வேலை. போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கட்டளைகளையும் தமிழிலேயே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீபூட்_ராசா:
அக்கா, பிராட்காம் கம்பெனி வைஃபை சிப் என்றால் பி43 ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் சிறு மென்பொருள்) போட்டால் முடிந்தது. என் பழைய நெட்புக்கில் அப்படித்தான் வந்தது. சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்.

இரவுப்பறவை:
ராசா தம்பி, சிப் எதுவென்று பார்க்காமல் மருந்து எழுதாதீர்கள். பிராட்காமில் பல வகை உண்டு, ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மேடம், டெர்மினலைத் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று (ஆங்கிலச் சிறிய எழுத்தில்) அடியுங்கள். நீளமாக ஓடும், அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் பகுதியை மட்டும் சொல்லுங்கள். கடைசியில் அடைப்புக்குள் நான்கு நான்கு எழுத்தாக ஒரு எண் இருக்கும், அதுதான் முக்கியம். அதற்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மல்லிப்பந்தல்:
ராசா சொன்னதைப் போட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. எல்எஸ்பிசிஐ-யில் பிராட்காம் பிசிஎம்43142, அடைப்பில் 14இ4:4365. கீழே 'கர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரியில் டபிள்யூஎல் என்று இருக்கிறது. 'டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லவே இல்லை.

இரவுப்பறவை:
பாதி விடை வந்துவிட்டது. இந்த 4365-க்கு பி43 உதவாது, டபிள்யூஎல் என்ற மாட்யூல்தான் (கர்னலில் ஏறும் டிரைவர்) வேண்டும். அது கர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வருவதில்லை, தனியாகப் போட வேண்டும், அதைத்தான் டிரைவர் மேனேஜர் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆக டிரைவர் வட்டில் இருக்கிறது, ஏற மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று அதனிடமே கேட்போம்:

சூடோ மாட்ப்ரோப் டபிள்யூஎல்

அப்புறம் எம்ஓகேயூடில் --எஸ்பி-ஸ்டேட் (செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா என்று சொல்லும்). இரண்டுக்கும் வருவதை அப்படியே எழுதுங்கள்.

மல்லிப்பந்தல்:
முதலாவதற்கு: எர்ரர், குட் நாட் இன்சர்ட் டபிள்யூஎல், கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ். இரண்டாவதற்கு: செக்யூர்பூட் எனேபிள்ட்.

இரவுப்பறவை:
அதேதான். ஒன்று கேட்கிறேன், டிரைவர் போடும்போது இடையில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருக்குமே? ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் ஒரு திரை வந்ததா?

மல்லிப்பந்தல்:
ஐயோ, ஆமாம்! ஏதோ பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அப்புறம் நீலத் திரை வந்தது, விண்டோஸில் வருமே அந்த மாதிரி, பார்த்ததும் பயந்துவிட்டேன். மேலே இருந்த 'கன்டினியூ பூட்' என்பதை அழுத்தினேன், மிண்ட் வந்துவிட்டது, அப்பாடா என்று விட்டுவிட்டேன்.

இரவுப்பறவை:
அங்கேதான் கோட்டை விட்டீர்கள், ஆனால் உங்களைக் குறை சொல்ல முடியாது, அந்தத் திரையைப் பார்த்தால் யாருக்கும் பயம்தான் வரும். பத்து விநாடி எண்ணும், எதையும் அழுத்தாவிட்டால் அதுவாகவே போய்விடும்.

என்ன நடக்கிறது என்றால், செக்யூர் பூட் (தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் உள்ளே விடும் பூட்டு) ஆனில் இருக்கும்போது, தனக்குத் தெரிந்த சாவியால் கையெழுத்திடாத எந்த மாட்யூலையும் கர்னல் உள்ளே விடாது. டபிள்யூஎல் உங்கள் லேப்டாப்பிலேயே கட்டப்பட்டு, அங்கேயே உருவான ஒரு சாவியால் கையெழுத்தாகிறது. அந்தச் சாவி நம்ம வீட்டுச் சாவிதான் என்று வீட்டுக்காரர் ஒருமுறை வாசலுக்கு வந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் நீலத் திரை. 'கன்டினியூ பூட்' கொடுத்ததும் அந்த விண்ணப்பம் ரத்தாகிவிட்டது, எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்ப வராது. நாமே மறுபடி அனுப்ப வேண்டும்:

சூடோ எம்ஓகேயூடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/எம்ஓகே/எம்ஓகே.டிஇஆர்

கவனம், பாதையில் எம்ஓகே (அந்தச் சாவிக்கான பெயர்) இரண்டு முறை வருகிறது. ஃபோல்டர் பெயர் சிறிய எழுத்து, கோப்பின் பெயர் பெரிய எழுத்து, புள்ளிக்குப் பின் வருவது மறுபடி சிறிய எழுத்து. முதலில் உங்கள் லாகின் பாஸ்வேர்டு கேட்கலாம், அப்புறம் புதிதாக ஒன்றை இரண்டு முறை கேட்கும். இது இந்த ஒரு ரீஸ்டார்ட்டுக்கு மட்டும், எட்டு இலக்கம் கொடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது, கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ரீஸ்டார்ட். நீலத் திரை வந்ததும் உடனே ஏதாவது ஒரு விசை. 'என்ரோல் எம்ஓகே', அப்புறம் 'கன்டினியூ', அப்புறம் 'யெஸ்', பாஸ்வேர்டு, கடைசியில் 'ரீபூட்'. முதல் திரையில் 'கன்டினியூ பூட்' பக்கமே போகாதீர்கள்.

தென்னந்தோப்பு:
இவ்வளவு எதற்கு? பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தால் ஒரே நிமிடம். நான் எல்லா லேப்டாப்பிலும் முதல் வேலையாக அதைத்தான் செய்வேன்.

இரவுப்பறவை:
அதுவும் வழிதான், விண்டோஸை அழித்துவிட்டதால் இவருக்கு அதில் சிக்கலும் இல்லை. ஆனால் விண்டோஸையும் கூடவே வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு யோசிக்காமல் ஆஃப் செய்ய வேண்டாம். பிட்லாக்கர் (விண்டோஸ் வட்டைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கும், அதை எங்கே சேமித்தோம் என்று அப்போதுதான் தேடுவார்கள். சில லேப்டாப்களில் பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தால்தான் அந்த வசதியே மாற்ற விடும். சாவியை ஏற்றுவது ஐந்து நிமிட வேலை, பூட்டும் பூட்டியபடி இருக்கும்.

மல்லிப்பந்தல்:
வந்துவிட்டது!! முதல் முறை தாளை எடுக்கப் போன நேரத்தில் பத்து விநாடி முடிந்துவிட்டது. மறுபடி இம்போர்ட், மறுபடி ரீஸ்டார்ட், இந்த முறை மகள் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மிண்ட் திறந்ததும் மூலையில் வைஃபை குறி, தெருவில் உள்ள பெயர்கள் எல்லாம் வரிசையாக. எல்எஸ்பிசிஐ-யில் 'டிரைவர் இன் யூஸ்: டபிள்யூஎல்' என்றும் வருகிறது. ரொம்ப நன்றி அண்ணா.

இரண்டு கேள்வி. கர்னல் அப்டேட் வந்தால் இதெல்லாம் மறுபடி செய்ய வேண்டுமா? எங்கள் ரவுட்டரில் இரண்டு பெயர் இருக்கும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். போனில் இரண்டும் தெரிகிறது, லேப்டாப்பில் ஒன்றுதான். இதுவும் டிரைவர் கோளாறா?

இரவுப்பறவை:
வேண்டாம். கர்னல் மாறும்போது டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு டபிள்யூஎல்-ஐத் தானே மறுபடி கட்டி, அதே சாவியால் கையெழுத்திட்டுவிடும். சாவியை ஏற்கனவே ஏற்றிவிட்டீர்கள். மிண்ட்டை அழித்துப் புதிதாகப் போட்டால் மட்டும் புதுச் சாவி, புது நீலத் திரை.

5ஜி பெயர் வராதது கோளாறு இல்லை. இந்தச் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், 5 கிகாஹெர்ட்ஸ் அதன் காதில் விழாது, எந்த டிரைவர் போட்டாலும். படிப்புக்கும் வீடியோ வகுப்புக்கும் 2.4 போதும். வேகம் வேண்டும் என்றால் யூஎஸ்பி டாங்கிள் (வெளியே செருகும் சிறு வைஃபை கருவி) வாங்கலாம், ஆனால் பெட்டியில் உள்ள பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே எந்தச் சிப் என்று பாருங்கள். மீடியாடெக் எம்டி7612யு இருந்தால் கர்னல் 4.19 முதலே டிரைவர் உள்ளேயே இருக்கிறது, செருகினால் போதும், சாவியும் வேண்டாம், நீலத் திரையும் வேண்டாம்.

ரீபூட்_ராசா:
அக்கா, நான் போடச் சொன்ன பி43-ஐ எடுத்துவிடுங்கள், சும்மா இருக்க வேண்டாம். சூடோ ஏபிடி பர்ஜ் ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர். என் நெட்புக்கில் என்ன எண் என்று இப்போதுதான் பார்த்தேன், 4315. வேறு சிப்.

மல்லிப்பந்தல்:
எடுத்துவிட்டேன் தம்பி, வைஃபை அப்படியே ஓடுகிறது. தலைப்பில் தீர்ந்தது என்று சேர்த்துவிட்டேன்.