மகன் கடேற்றில் சேரக் கேட்கிறான், கையெழுத்து வைக்கலாமா?

கல்லடி அம்மா:
மகன் தரம் 10. பாடசாலையில் கடேற்றுக்கு, அதுதான் மாணவர் படையணிக்கு, ஆள் சேர்க்கிறார்களாம், பெற்றோர் சம்மதப் படிவம் கொண்டுவந்தான். மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது. அவனுடைய அப்பா சரி என்கிறார். எனக்குக் கை வரவில்லை. பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடிப் பழைய மாணவன்:
கையெழுத்து வையுங்கள் அக்கா. நான் நான்கு வருடம் இருந்தேன். வகுப்பில் எழும்பி நின்று ஒரு வசனம் சொல்லவே நடுங்கியவன் நான். மறுகா முப்பது பேருக்கு முன்னால் நின்று கட்டளை கொடுத்தேன். ரந்தெம்பே கடேற்றுப் பயிற்சி முகாமில் காலி, குருநாகல் பெடியன்களோடு ஒரே கூடாரம். சிங்களம் எனக்கு வந்தது அங்கேதான், பாடப்புத்தகத்தில் இல்லை. இது நேற்று முளைத்த ஒன்றுமில்லை, 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. கடேற்றில் இருந்தால் இராணுவத்தில் சேரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

வாவிக்கரை:
தம்பி, அந்தப் படையணி கல்வி அமைச்சின் கீழ் இல்லை, பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. அதையும் அக்காவுக்குச் சொல்லுங்கள்.

நான் ஏன் சொல்கிறேன் என்றால், என் அண்ணனை ரியூசன் முடிந்து வரும்போது புலிகள் இயக்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வயது 15. 2004 ஏப்ரலில் திரும்பி வந்தான். ஒருவரும் எழுப்பாமலே விடிய நாலரைக்கு எழும்புவான். போர்வையை நான்கு மூலையும் பிசகாமல் மடித்து வைத்துவிட்டு, பாய்க்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பான். அம்மா போய்த் தோளைத் தொட்டு, 'இரு மனே' என்று சொன்னால்தான் இருப்பான். ஒழுக்கம் என்று நீங்கள் சொல்வது எங்கள் வீட்டுக்குள் அப்படித்தான் வந்தது. அதைப் பார்த்தவளால் சீருடை போட்ட பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கைதட்ட முடியாது.

களுவாஞ்சிகுடிப் பழைய மாணவன்:
அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். உங்கள் அண்ணனுக்கு நடந்தது கடத்தல். 18 வயதுக்குக் குறைந்தவர்களை அப்படிச் சண்டைக்குச் சேர்க்கக்கூடாது என்கிற ஐநா நெறிமுறையை இலங்கை 2000ஆம் ஆண்டிலேயே ஏற்றிருக்கிறது. நடந்தது குற்றம். ஆனால் நான் சாதாரண தரப் பரீட்சைக்காக மூன்று மாதம் பயிற்சிக்குப் போகவில்லை, என்னைத் தேடி ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம். அந்த வித்தியாசம் சின்னதா?

வாவிக்கரை:
சின்னதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருப்பம் என்பது எவ்வளவு காலத்துக்கு? 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை இராணுவ முகாம்களுக்கு மூன்று வாரத் 'தலைமைத்துவப் பயிற்சி'க்கு வரச்சொன்னார்கள். அதையும் நல்லதுக்கு என்றுதான் சொன்னார்கள். பிள்ளைக்குத் துணிவு வேண்டுமென்றால் சாரணர் இருக்கிறது, சென் ஜோன்ஸ் முதலுதவிப் படை இருக்கிறது. ஏன் துவக்கின் பக்கம் போகவேண்டும்?

அக்கரைப்பற்று ரீச்சர்:
இரண்டு பேரும் பெரிய விசயத்தைப் பேசுகிறீர்கள். நான் பாடசாலைக்குள் பார்ப்பதைச் சொல்கிறேன். சனிக்கிழமைப் பயிற்சியும் ரியூசனும் மோதும். சப்பாத்து, உடுப்புச் செலவு சில வீடுகளுக்குப் பாரம், பிள்ளை வெட்கத்தில் சொல்லாது. கட்டளைகள் சிங்களத்தில், முதல் மாதம் தமிழ் பேசும் பிள்ளைகள் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் திரும்புவார்கள். அதைப் பொறுமையாக விளங்கப்படுத்தும் பொறுப்பாசிரியர் இருந்தால் பிள்ளை தழைக்கும். கத்துகிறவர் இருந்தால் ஒடுங்கிப்போகும். எங்களிடம் ஒரு பிள்ளை இடையில் விலகியபோது சிலர் அவளைக் கோழை என்று சொல்லித் திரிந்தார்கள், நான் அதை நிறுத்தவே ஒரு தவணை போனது. ஆகவே தங்கச்சி, விலகும் பிள்ளையை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சட்டத்தில் விலகலாம் என்று இருப்பது வேறு, பிள்ளை முகம் கோணாமல் விலகுவது வேறு.

களுவாஞ்சிகுடிப் பழைய மாணவன்:
ரீச்சர் சொன்னது சரி. எங்கள் சேர் அந்த விசயத்தில் நல்லவர். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நான் நினைத்துவிட்டேன்.

வாவிக்கரை:
அக்கா, ஏன் சேர ஆசை என்று மகனிடம் கேட்டீர்களா?

கல்லடி அம்மா:
நேற்று இரவு கேட்டேன். வீரம், நாடு என்று ஏதாவது சொல்வான் என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். 'நான் மகாஓயாவுக்கு அங்கால போனதே இல்லை அம்மா. ரந்தெம்பேக்கு மஹியங்கனைப் பக்கத்தால் பஸ்சில் போவார்களாம்' என்றான். அவன் வயதில் நானும் எங்கேயும் போனதில்லை. எங்களுக்குச் சோதனைச்சாவடி தாண்டுவதே பயணம்.

நாளைக்குப் பாடசாலைக்குப் போகிறேன். விலகின பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன், முகாமுக்கு யார் கூடப் போகிறார்கள், துவக்குப் பயிற்சி எந்த வயதில் என்றும் கேட்பேன். பொறுப்பாசிரியரின் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். படிவத்தைக் கையோடு கொண்டுபோகிறேன், பேனையையும்.