யூரியாவோடு கலந்து போட்ட அசோஸ்பைரில்லம் வீண்தானா?

மன்னார்குடி பக்கம் இரண்டு ஏக்கர் சம்பா நெல், ரகம் சி.ஆர். 1009. ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போடுவது வழக்கம். போன வருஷம் அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் எட்டு பாக்கெட் வாங்கி, அதற்கென்று தனியாக ஆள் விட வேண்டாமே என்று முதல் மேலுரத்தில் (நட்ட பிறகு போடும் உரம்) யூரியாவோடு கலந்தே வீசிவிட்டேன். யூரியாவையும் குறைக்கவில்லை. பயிர் கரும்பச்சையாக நின்றது, கடைசியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்ததுதான் மிச்சம். இந்த உயிர் உரம் நிஜமாகவே வேலை செய்யுமா?

பதில் 1:
அண்ணே, அது யூரியா மாதிரி உப்பு உரம் இல்லை, உயிருள்ள பாக்டீரியா. யூரியாவோடு கலந்தால் நிறைய அங்கேயே செத்துவிடும். பிழைத்ததும் சும்மாதான் இருக்கும், காலடியிலேயே தழைச்சத்து (நைட்ரஜன்) கொட்டிக் கிடக்கும்போது காற்றிலிருந்து பிடித்துத் தர அதற்கென்ன தலையெழுத்தா? ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நான்கு, மக்கிய தொழு உரம் 10 கிலோ, மணல் 10 கிலோ கலந்து நடவுக்கு முன்னால் சாயங்காலமாக வீசுங்கள். யூரியாவுக்கு ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். மொத்தத் தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பதுதான் பரிந்துரை, உங்கள் கணக்குக்கு ஏக்கருக்கு முக்கால் மூட்டை மிச்சம்.

பதில் 2:
கால் பங்கு எல்லா வயலிலும் மிச்சமாகும் என்று நம்பி ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். எனக்கு களர் (உவர்ப்பு) வயலில் ஒரு பலனும் தெரியவில்லை, எரு போட்ட வயலில்தான் தெரிந்தது. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள், நிறம் 4-க்குக் கீழே போனால் மேலுரம் போடுங்கள், இல்லாவிட்டால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். அப்புறம், பாக்கெட்டில் காலாவதி தேதி பார்த்தீர்களா? நான் ஒருமுறை வாங்கிய கடையில் தகரக் கூரைக்கடியில் வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

பதில் 3:
நேரடி விதைப்பு என்றால் ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்தினால் போதும். பூஞ்சாண மருந்து போட்ட விதையாக இருந்தால் ஒரு நாள் கழித்துச் செய்யுங்கள்.

கேட்டவர்:
சரி, இந்த வருஷம் ஒரு ஏக்கரில் மட்டும் குறைத்துப் பார்க்கிறேன். வேரை நனைத்தும் நடலாம் என்கிறார்களே, நாற்றுமுடியை (நாற்றுக் கட்டை) அரை மணி நேரம் ஊற வை என்றால் நடவு ஆட்கள் என்னை விரட்டுவார்களே?

பதில் 1:
அவர்களிடம் ஏன் சொல்கிறீர்கள் அண்ணே? வயல் மூலையில் சின்னதாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஏக்கருக்கு இரண்டு பாக்கெட் கரைத்து வையுங்கள். நாற்று பறித்து வந்ததும் நீங்களே முடிகளை அதில் நிறுத்திவிடுங்கள், அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஊறிவிடும்.