தாத்தாவின் புகைப்படத்தில் ‘ஜே 237’: போர்க்கால மைன்ஸ்வீப்பர் பற்றி விவரம் வேண்டும்

கேள்வி: பாறசாலை வாசகர்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. என் அம்மாவின் தந்தை இரண்டாம் உலகப் போரின்போது ராயல் இந்தியன் நேவியில் ஸ்டோக்கராக, அதாவது கொதிகலனைப் பார்ப்பவராக, இருந்தவர். பழைய வீட்டைப் பிரித்தபோது அவருடைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு கப்பலின் புகைப்படம் கிடைத்தது. ஒற்றைப் புகைபோக்கி, முன்தளத்தில் ஒரு பீரங்கி, பக்கவாட்டில் ‘ஜே 237’ என்ற எண். படத்தின் பின்புறம் ஊதா மையில், மலையாள எழுத்தில், ‘மதராஸ், மைன்ஸ்வீப்பர்’ என்று எழுதியிருக்கிறது.

கடற்கண்ணிகளை அகற்றுவதற்கென்று கட்டிய கப்பலில் இவ்வளவு பெரிய பீரங்கி எதற்கு, பின்தளத்தில் பீப்பாய்களைப் போல அடுக்கியிருப்பவை என்ன என்பவை என் முதல் கேள்விகள். அடுத்தது, தாத்தா கப்பலில் கரி அள்ளிப் போட்டார் என்றும், முழங்கை வரை தீக்காயத் தழும்புகள் இருந்தன என்றும் பாட்டி சொல்வார். அந்தக் கரி அள்ளும் வேலை இந்தக் கப்பலில்தான் நடந்ததா? விவரம் தெரிந்த பெரியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

உங்கள் படத்தில் இருப்பது எச்எம்ஐஎஸ் (ஹிஸ் மெஜஸ்டிஸ் இந்தியன் ஷிப்) மதராஸ். ஆஸ்திரேலியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட பாதர்ஸ்ட் வகைக் கப்பல்களில் அதுவும் ஒன்று. அந்த வகையில் மொத்தம் 60 கப்பல்கள் எட்டுக் கட்டுமானத் தளங்களில் உருவாயின. அவற்றில் 36 ஆஸ்திரேலியக் கடற்படை தனக்காகக் கட்டியவை. 20 பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் செலவில் கட்டப்பட்டு ஆஸ்திரேலிய மாலுமிகளால் இயக்கப்பட்டவை. எஞ்சிய நான்கும் இந்தியாவுக்கானவை. மதராஸ், பஞ்சாப், பெங்கால், பம்பாய் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். நான்கும் சிட்னி துறைமுகத்துத் தளங்களில் கட்டப்பட்டவை. மதராஸும் பெங்காலும் காக்கட்டூ தீவுத் தளத்தைச் சேர்ந்தவை. எண்ணுக்கு முன்னால் உள்ள ‘ஜே’ மைன்ஸ்வீப்பர்களுக்கு உரிய அடையாள எழுத்து.

பீரங்கியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை, இந்த வகை திட்டமிடப்பட்ட சூழலிலேயே இருக்கிறது. 1938 வாக்கில் ஆஸ்திரேலியக் கடற்படைக்குத் தேவைப்பட்டது, தன் கடற்கரையைக் காக்கக்கூடிய, உள்நாட்டிலேயே விரைவாகவும் மலிவாகவும் கட்டக்கூடிய, கண்ணி வாருவது, நீர்மூழ்கியை வேட்டையாடுவது, சரக்குக் கப்பல் அணிகளுக்குத் துணை செல்வது ஆகிய மூன்று வேலைகளையும் பார்க்கக்கூடிய ஒரு சிறிய கப்பல். அன்று அந்த நாட்டில் பெரிய போர்க்கப்பல் கட்டும் அனுபவம் உள்ள தளங்கள் மிகக் குறைவு. ஆகவே டர்பைன் வேண்டாம், சாதாரணப் பொறியியல் பட்டறைகளே செய்து கொடுக்கக்கூடிய மும்முறை விரிவு நீராவி எந்திரம் (நீராவியை அடுத்தடுத்து மூன்று கட்டங்களில் விரியவிட்டு ஓடும் பழைய வகை) போதும் என்று முடிவெடுத்தார்கள். நீளம் 186 அடி, அகலம் 31 அடி, எடை ஏறத்தாழ 650 டன், இரண்டு சுழலிகள் (ப்ரொப்பெல்லர்கள்), வேகம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) அளவில். முன்தளத்தில் 4 அங்குலப் பீரங்கி ஒன்று. அது கிடைக்காத கப்பல்களுக்குப் பழைய 12 பவுண்டர் என்ற சிறிய பீரங்கி. நீங்கள் பீப்பாய்கள் என்று குறிப்பிடுபவை நீர்மூழ்கிகளின் மேல் உருட்டிவிடும் ஆழ்வெடிகள். ஆவணங்களில் மைன்ஸ்வீப்பர் என்று பதிந்துவிட்டு, மாலுமிகளும் பத்திரிகைகளும் கார்வெட் (சிறிய காவல் போர்க்கப்பல்) என்றே அழைத்தார்கள் என்பதால், நீங்கள் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும்.

என் கணிப்பில், போர் நடந்த ஆண்டுகளில் இந்தக் கப்பல்கள் கண்ணி வாரியதைவிடக் காவல் சென்றதே அதிகம். 1942 ஜனவரி 20 அன்று டார்வினுக்கு வெளியே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-124ஐ மூழ்கடித்ததில் முதன்மைப் பங்கு இவ்வகையைச் சேர்ந்த டெலோரெயினுக்கு உரியது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி திமோர் அருகே ஆர்மிடேல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் கடைசி வரை துப்பாக்கியை விடாமல் சுட்டுக்கொண்டிருந்த டெடி ஷீயன் என்ற பதினெட்டு வயது மாலுமிக்கு விக்டோரியா கிராஸ் விருது 2020இல்தான் வழங்கப்பட்டது.

நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்ல வேண்டியது பெங்காலின் சண்டை. 1942 நவம்பர் 11 அன்று, ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டிலிலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவான டியேகோ கார்சியாவுக்கு ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தபோது, கோக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே இரண்டு ஜப்பானிய ஆயுதக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்ற அவை ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டவை. 14 சென்டிமீட்டர் பீரங்கிகள் பல ஏந்தியவை. பெங்காலிடம் இருந்ததோ ஒரே ஒரு 12 பவுண்டர். எண்ணெய்க் கப்பலைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, பெங்காலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்சன் தன் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். ஒண்டினாவும் ஓடிவிடாமல் தன்னிடம் இருந்த 4 அங்குலப் பீரங்கியால் சுட்டது. ஹோகோகு மாருவின் பின்பகுதியில் குண்டு விழுந்து, தீப்பிடித்து, வெடித்து, அது மூழ்கியது. அந்தக் குண்டு யாருடையது என்பதில் பெங்கால் தரப்பாரும் ஒண்டினா தரப்பாரும் இன்றுவரை விட்டுக்கொடுப்பதில்லை. ஒண்டினாவின் தலைவர் ஹார்ஸ்மன் உயிரிழந்தார். பெங்காலும் ஒண்டினாவும் துறைமுகம் சேர்ந்தன. உங்கள் தாத்தாவின் கப்பல் பெங்காலின் உடன்பிறப்பு, ஒரே தளத்தில் ஒரே ஆண்டில் முடிக்கப்பட்டது.

கொதிகலன் விஷயம் என் படிப்புக்கு அப்பாற்பட்டது. சத்தியவேடு ஐயா எந்திர அறையிலேயே இருந்தவர், அவர் சொல்லட்டும்.

பதில்: சத்தியவேடு, ஓய்வுபெற்ற கடற்படையாளர்

தம்பி, நான் பணியில் சேர்ந்தபோது பாதர்ஸ்ட் வகைக் கப்பல்கள் நம் கடற்படையில் இல்லை. 1956இல் பிரிட்டனிலிருந்து வாங்கிய கண்ணனூர், கடலூர், காக்கிநாடா, கார்வார் என்ற மரக்கப்பல்களில் ஒன்றில்தான் நான் வேலை பார்த்தேன். ஆனால் கம்பி இழுத்துக் கண்ணி வாரும் முறை அதிகம் மாறிவிடவில்லை என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

நங்கூரமிட்ட கடற்கண்ணி என்பது, கடலடியில் கிடக்கும் ஒரு கனத்த அடிப்பெட்டியிலிருந்து கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே மிதந்துகொண்டிருக்கும் இரும்பு உருண்டை. அதன் மேல் ஈயத்தால் செய்த கொம்புகள் இருக்கும். ஒவ்வொரு கொம்புக்குள்ளும் அமிலம் நிரம்பிய கண்ணாடிக் குழாய். கப்பல் உரசிக் கொம்பு வளைந்தால் குழாய் உடைந்து, அமிலம் மின்கலத்தில் இறங்கி, மின்சாரம் பிறந்து, கண்ணி வெடித்துவிடும். இதை வாருவதற்குக் கப்பலின் பின்புறத்திலிருந்து நீண்ட எஃகுக் கம்பியை விடுவார்கள். கப்பலுக்கு நேர் பின்னால் கம்பியை ஆழத்தில் அமுக்கிப் பிடிக்க ஒரு பலகை. மறுமுனையைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துக்கொண்டு போக இன்னொரு பலகை. அந்த முனை எங்கே போகிறது என்று காட்ட, கொடி நட்ட மிதவை. உங்கள் ஊர்ப் பக்கம் பூவாரிலும் பொழியூரிலும் கரமடி (கரையிலிருந்து இழுக்கும் வலை) வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, கம்பி வளைந்து கடலைத் தழுவிக்கொண்டு வருவது ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். கம்பியின் முறுக்கே அரம் போலக் கரகரப்பானது, இடையிடையே வெட்டுக் கத்திகளும் உண்டு. கண்ணியின் கட்டுக்கம்பி அதில் மாட்டி அறுந்தவுடன் உருண்டை மேலே வந்து மிதக்கும். துப்பாக்கியால் சுட்டு வெடிக்கச் செய்வார்கள் அல்லது மூழ்கடிப்பார்கள்.

கப்பல்கள் படிக்கட்டு வரிசையில் செல்லும். பின்னால் வரும் ஒவ்வொன்றும் முன்னால் போனது வாரிய தண்ணீரில் வரும். முதலாவதாகப் போகும் கப்பலுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த நேரத்தில் கீழ்த்தளங்களில் வேலையில்லாத அனைவரையும் மேலே அனுப்பிவிடுவார்கள், ஆனால் கொதிகலனையும் எந்திரத்தையும் பார்ப்பவர்கள் போக முடியாது. நீர்மட்டத்துக்குக் கீழே, இரும்புத் தகட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பது ஸ்டோக்கர்தான். காந்தக் கண்ணிகள் வந்த பிறகு இரும்பு உடலே ஆபத்தானது. பாதர்ஸ்ட் கப்பல்களில் மின்சுருள் சுற்றிக் காந்தத் தன்மையைத் தணித்தார்கள். எங்கள் காலத்தில் அதற்காகவே மரத்தால் கட்டினார்கள்.

ஆசிரியர் சொன்னதுபோல் போர்க்காலத்தில் வாரும் வேலை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் போர் முடிந்த பிறகுதான் இவற்றின் பெயருக்கேற்ற வேலை தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வார்னம்பூல் என்ற பாதர்ஸ்ட் கப்பல் 1947 செப்டம்பர் 13 அன்று, கிரேட் பாரியர் ரீஃப் பகுதியில், ஆஸ்திரேலியர்கள் தாங்களே போர்க்காலத்தில் போட்டுவைத்த கண்ணிகளை வாரும்போது ஒரு கண்ணியில் மோதி மூழ்கியது. நான்கு மாலுமிகள் இறந்தார்கள். சண்டை முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி கரி. பாதர்ஸ்டின் இரண்டு கொதிகலன்களும் எண்ணெயில் எரிந்தவை. அங்கே ஸ்டோக்கரின் வேலை எண்ணெய்த் தெளிப்பான்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதும், நீர்மட்டக் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பதும், புகைபோக்கியில் கரும்புகை எழாமல் காற்றை அளந்து விடுவதும்தான். கரும்புகை எழுந்தால் அடிவானத்துக்கு அப்பாலிருந்தே எதிரிக்குத் தெரிந்துவிடும். தீக்காயம் அங்கேயும் படும். ஆனால் மண்வெட்டிக்கு அங்கே வேலை இல்லை.

கேள்வி கேட்டவர்: பாறசாலை வாசகர்

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் பாட்டி சொன்னது தவறா, அல்லது தாத்தா வேறு கப்பலிலும் இருந்திருப்பாரா? அவர் 1941இலேயே சேர்ந்துவிட்டதாக வீட்டில் சொல்வார்கள்.

பதில்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

பாட்டியை நம்புங்கள். மதராஸ் பணிக்கு வந்ததே 1942இல். 1941இல் சேர்ந்தவர் அதற்கு முன் வேறு எங்காவது இருந்திருக்கத்தான் வேண்டும். அதே காலத்தில் பாசெட் வகை ட்ராலர்கள் என்ற சிறிய மைன்ஸ்வீப்பர்களை இந்தியாவிலேயே கட்டினார்கள். மீன்பிடி ட்ராலரின் வடிவம், ஒரே சுழலி, 12 நாட் அளவில் வேகம், நிலக்கரிக் கொதிகலன். அவற்றில் ஒன்றுக்கு ட்ராவன்கோர் (திருவிதாங்கூர்) என்றே பெயர். உங்கள் தாத்தா அதில்தான் இருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை; ஆனால் ட்ராலரில் கரி அள்ளிவிட்டுப் பிறகு மதராஸுக்கு மாறியிருந்தால் இரண்டு தகவல்களும் பொருந்திவிடும்.

பதில்: சத்தியவேடு, ஓய்வுபெற்ற கடற்படையாளர்

அதற்குச் சான்று அவருடைய பணிப் பதிவேட்டில் இருக்கும். எந்தக் கப்பலில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். மும்பை மான்கூர்டில் கடற்படையின் மாலுமிகள் பணியகம் உள்ளது. அவருடைய முழுப்பெயர், பணி எண், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றுடன், நீங்கள் பேரன் என்பதற்கான சான்றையும் இணைத்து அஞ்சலில் எழுதுங்கள். பணி எண் தெரியாவிட்டால் அந்தத் தகரப் பெட்டியில் பதக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றின் விளிம்பில் எண் பொறித்திருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துத் தேடுங்கள். புகைப்படத்தையும் நல்ல தெளிவுடன் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள். முன்தளத்தில் இருப்பது 12 பவுண்டரா 4 அங்குலமா என்றும், பின்தளத்தில் கம்பி சுற்றும் வின்ச் இருக்கிறதா என்றும் தெரிந்தால், படம் எடுத்த காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம்.